நிற்கச் சொன்ன படம், காத்திருந்த படம்

வாஷிங்டனில் ஓர் அரசு அலுவலகம், 1942. சுவரில் பெரிய அமெரிக்கக் கொடி நெடுக்குவாட்டில் தொங்குகிறது. அதன் முன்னால் ஒரு கறுப்பினப் பெண். ஒல்லியான உடம்பு, மூக்குக் கண்ணாடி, புள்ளி போட்ட உடுப்பு. ஒரு பக்கம் தலைகீழாக நிமிர்த்திய துடைப்பம், இன்னொரு பக்கம் தரை துடைக்கும் மாப். பின்னால் கொடி மங்கலாக இருக்கிறது. முகம் மட்டும் கூர்மை. சிரிப்பில்லை, கோபமும் இல்லை. ரொம்ப நாளாக நின்றே பழகிய ஒருவர் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பதுபோல நிற்கிறார்.

அவர் பெயர் எலா வாட்சன். அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் பணியாளர். ஆண்டுச் சம்பளம் 1,080 டாலர். படம் எடுத்தவர் கார்டன் பார்க்ஸ், அப்போது அவருக்கு வயது 29. கான்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் ஸ்காட் என்ற ஊரில் பதினைந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். உதவித்தொகை ஒன்று கிடைத்து, அமெரிக்க அரசின் விவசாயப் பாதுகாப்பு நிர்வாகத்தில் ராய் ஸ்ட்ரைக்கர் நடத்திவந்த புகைப்படப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்திருந்தார். வந்தவுடன் ஸ்ட்ரைக்கர் அவரிடம் கேமராவை வைத்துவிட்டு ஊரைச் சுற்றிப் பார்த்து வரச் சொன்னார்: கடையில் ஒரு கோட் வாங்கு, உணவகத்தில் சாப்பிடு, சினிமா பார். கறுப்பர் என்பதால் மூன்று இடத்திலும் பார்க்ஸை விரட்டினார்கள். கொதித்துப்போய்த் திரும்பியவருக்கு ஸ்ட்ரைக்கர் கூட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாவைக் காட்டினார். இந்த ஊரிலேயே காலம் தள்ளியவர், முதலில் அவரிடம் பேசு என்றார்.

பார்க்ஸ் பேசினார். அந்த அம்மா தன் கதையைச் சொன்னார். பிறகு பார்க்ஸ் அவரைக் கொடிக்கு முன்னால் வந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டார். துடைப்பத்தை இந்தப் பக்கம், மாப்பை அந்தப் பக்கம் வைக்கச் சொன்னார். படத்தில் தானாக நடந்தது ஒன்றுமில்லை. கிராண்ட் உட் 1930-இல் வரைந்த 'அமெரிக்கன் கோதிக்' ஓவியத்தில் ஒரு விவசாயி கவைக்கோலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணோடு வீட்டுக்கு முன்னால் விறைப்பாக நிற்பார். அமெரிக்கர்கள் தங்களையே கண்டுகொண்ட அந்த ஓவியத்தின் இடத்தில் பார்க்ஸ் ஒரு துப்புரவுப் பெண்ணை நிறுத்தினார். படமும் பின்னாளில் அதே பெயரில்தான் புகழ்பெற்றது.

பலரும் இந்தப் படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பார்க்ஸ் அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் எலா வாட்சனின் பின்னாலேயே போனார். அவர் மாலையில் வேலைக்குக் கிளம்புவதை எடுத்தார். அவருடைய வீட்டுக்குள் போனார். பேரப்பிள்ளைகளோடும் வளர்ப்பு மகளோடும் இருக்கும் நேரங்களை எடுத்தார். படுக்கையறையில் சாமிச் சிலைகளை அடுக்கிவைத்து அவர் வழிபடும் இடத்தை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் போனார். அங்கே போதகர் ரோஜாக்கள் சூழ்ந்த ஒரு தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நின்றுகொண்டு, பூக்களை ஆசீர்வதித்து மக்களுக்குக் கொடுக்கிறார். அந்தக் காட்சியை யாரும் கற்பனை செய்து நிறுத்தியிருக்க முடியாது. போய்க் காத்திருந்தவருக்கு மட்டுமே கிடைக்கும்.

ஒரே ஆள், ஒரே கேமராக்காரர், ஒரே கோடைக்காலம். ஆனால் செய்த வேலை இரண்டு. கொடிக்கு முன்னால் நிற்கும் படம் சூழலோடு எடுத்த உருவப்படம். வீட்டிலும் தேவாலயத்திலும் எடுத்தவை ஆவணப் புகைப்படங்கள். இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால் வரும் கேட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அழகு, தொழில்நுட்பம் பற்றிய சண்டையாக இதைப் பார்க்க என் மனம் ஒப்பவில்லை. எனக்கு இது வாக்குக் கொடுப்பது பற்றிய விஷயம். உருவப்படக்காரர் தன் எதிரே நிற்பவருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறார்: உங்களுக்குத் தெரிந்து, உங்கள் சம்மதத்தோடு எடுக்கிறேன். ஆவணப்படக்காரர் படத்தைப் பார்க்கப்போகிறவருக்கு வாக்குக் கொடுக்கிறார்: நான் இல்லாவிட்டாலும் இது இப்படித்தான் நடந்திருக்கும்.

முதலில் சூழல் உருவப்படம். நம் ஊர் பழைய ஸ்டுடியோக்களை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். மாடிப்படி, தூண், குளத்தில் அன்னம் எல்லாம் தீட்டிய திரை ஒன்று பின்னால் தொங்கும். பூச்சாடி வைத்த முக்காலி பக்கத்தில் நிற்கும். கோட் வேண்டுமென்றால் ஸ்டுடியோக்காரரே கொடுப்பார். காலமெல்லாம் களத்துமேட்டில் நின்ற தாத்தாவும் அந்த அரண்மனைப் படிக்கட்டின் கீழேதான் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறார். அந்தப் படங்கள் மேல் எனக்குக் குறையில்லை. அவர் எப்படித் தெரிய ஆசைப்பட்டார் என்பதை அவை சொல்கின்றன. சூழல் உருவப்படம் அந்தத் திரையைச் சுருட்டிவைத்துவிட்டு ஆளை அவருடைய இடத்திலேயே வைத்துப் பார்க்கிறது. கொல்லரை உலைக்குப் பக்கத்தில், நீதிபதியைச் சட்டப் புத்தக அலமாரிகளுக்கு நடுவில், பூ விற்கும் அக்காவை அவருடைய கூடையோடு.

இதற்காக லென்ஸும் மாறுகிறது. முகத்தை மட்டும் எடுப்பவர்கள் 85 எம்.எம். லென்ஸைப் போட்டுப் பின்னணியைக் கரைத்துவிடுவார்கள். இங்கே பின்னணி கரையக் கூடாது. அதைப் படிக்க முடிய வேண்டும். அதனால் சுற்றுப்புறத்தையும் அகலமாகக் காட்டும் 35 அல்லது 28 எம்.எம். லென்ஸ், பின்னணியும் தெளிவாக விழும்படி வெளிச்சம் நுழையும் துளையைச் சுருக்கி எஃப் 8 அளவில் வைப்பது, தேவையானால் விளக்குக் கம்பம் நிறுத்துவது. தேவையில்லாத பொருளை நகர்த்தலாம். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று சொல்லலாம். சொல்லிச் செய்வதுதான் இந்த வகை.

இந்த வகைக்குப் பெரிய பேர் வாங்கித் தந்தவர் நியூயார்க்கில் பிறந்த அர்னால்ட் நியூமன். 1946-இல் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை எடுத்தார். படத்தை நிறைத்திருப்பது ஒரு பெரிய பியானோவின் தூக்கிய மூடி. கறுத்து வளைந்த அந்த உருவம், இசைக் குறியீட்டில் சுரத்தைத் தாழ்த்தக் காட்டும் அடையாளம்போலவே இருக்கிறது. ஸ்ட்ராவின்ஸ்கி கீழ் மூலையில் சின்னதாக, தலையைக் கையில் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். படம் கேட்டிருந்த பத்திரிகை அதை வேண்டாமென்று திருப்பிவிட்டது. இன்று அவரைப் பற்றி எங்கே பேசினாலும் அந்தப் படம் வந்து நிற்கிறது.

ஆனால் அந்தப் பியானோ ஸ்ட்ராவின்ஸ்கியுடையது இல்லை. பத்திரிகை ஆசிரியர் ஒருவரின் வீட்டில் இருந்தது. ஆக, சூழல் உருவப்படத்தின் சூழல்கூட அந்த மனிதர் வாழ்ந்த சூழலாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அவரைப் பற்றி எதையோ சொன்னால் போதும். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். அது அவர் வீடு என்று படம் எங்கும் சொல்லவில்லை.

நியூமனின் இன்னொரு படம்தான் என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை. 1963-இல் நியூஸ்வீக் பத்திரிகைக்காக ஜெர்மனியின் எசன் நகரில் தொழிலதிபர் ஆல்ஃபிரீட் க்ரூப்பை எடுத்த படம். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்கு ஆயுதம் செய்து கொடுத்த குடும்பத் தொழில் அது. சிறை முகாம்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அடிமைகளாக வேலை வாங்கிய குற்றத்துக்காக 1948-இல் நியூரம்பர்க்கில் அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு சிறை விதித்தார்கள். 1951-இல் வெளியே வந்துவிட்டார். சொத்தும் திரும்பக் கிடைத்தது. நியூமன் ஒரு யூதர். முதலில் எடுக்கமாட்டேன் என்றவர் பிறகு ஒப்புக்கொண்டு போனார்.

தொழிற்கூடத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே உயரமாக ஒரு மேடை போடச் சொன்னார். க்ரூப்பை அதில் உட்காரவைத்தார். பின்னால், கீழே ரயில் எஞ்சின்கள் உருவாகிக்கொண்டிருக்கும் நீண்ட கூடம். இரண்டு பக்கத்திலிருந்தும் விளக்கு. சாதாரணமாக உட்கார்ந்திருந்தால் அந்த வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் முன்னால் சாயச் சொன்னார் நியூமன். க்ரூப் கைகளைக் கோத்து, அதன்மேல் தாடையை வைத்துச் சாய்ந்தார். அவ்வளவுதான். கண்கள் குழிக்குள் போய்விட்டன, முகத்தின் இரு பக்கமும் வெளிச்சம் பட்டு நடுவே நிழல் இறங்கியது, கூடத்தின் குழல்விளக்கு வண்ணப் படச்சுருளில் பச்சை பாய்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்தது ஒரு பேய்.

க்ரூப் அந்த நாற்காலியில் விரும்பித்தான் உட்கார்ந்தார். சாயச் சொன்னதும் சாய்ந்தார். விளக்கு தன்னை என்ன செய்யப்போகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அப்படியென்றால் எதிரே நிற்பவருக்குக் கொடுத்த வாக்கை நியூமன் மீறினார் என்றுதான் ஆகும். இதைப் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். எனக்கு அந்தப் படம் சரி. அது நடந்த ஒன்றைக் காட்டுவதாகப் பாசாங்கு செய்யவில்லை. எடுத்தவர் தன் தீர்ப்பைப் பெயர் போட்டு எழுதிய தலையங்கம் அது. பார்க்கிற யாருக்கும், இது ஒருவர் விளக்கு வைத்து வேண்டுமென்றே செய்த படம் என்பது அரை நொடியில் தெரிந்துவிடும். இன்னொன்று: க்ரூப்புக்கு மறுத்துப் பேசப் பணம், வழக்கறிஞர்கள், பத்திரிகைத் தொடர்பு எல்லாம் இருந்தன. அதே வெளிச்சத்தைப் பெயர் தெரியாத ஒரு கூலிக்காரர் முகத்தின்மேல் பாய்ச்சினால் அதே நியாயத்தைச் சொல்ல என்னால் முடியாது.

ஆவணப் புகைப்படக்காரரின் கை இதற்கு நேர்மாறாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு வீட்டு முற்றத்தில் இழவு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டகத்தின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. படத்தைக் கெடுக்கிறது. உருவப்படம் எடுப்பவர் அதைத் தூக்கி ஓரம் வைத்துவிடலாம். ஆவணப்படம் எடுப்பவர் வைக்கக் கூடாது. தான் நகரலாம், குனியலாம், ஏணியில் ஏறலாம், இன்னொரு நொடிக்குக் காத்திருக்கலாம். நாற்காலி அங்கேயே இருக்கும். எத்தனையோ மாணவர்கள் இந்த இடத்தில், ஒரு நாற்காலியால் என்ன ஆகிவிடும் என்று கேட்டிருக்கிறார்கள். இன்று நாற்காலி, நாளை அழுதுகொண்டிருந்த அத்தையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து அழச் சொல்வது. இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது? அதனால்தான் கோட்டை நாற்காலிக்கு முன்னாலேயே போட்டுவிட்டார்கள்.

அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் விதி நிகழ்வுகளைச் செட்டப் செய்யவும், ஆட்களை நிறுத்திவைக்கவும், நடந்ததை மறுபடி நடித்துக் காட்டச் சொல்லவும் தடை போடுகிறது. அதே விதி சூழல் உருவப்படத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எடுக்கலாம், ஆனால் செய்தி சேகரிக்கும்போது தற்செயலாகக் கிடைத்த கணம் என்று பார்ப்பவர் நினைத்துவிடாதபடி கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் தேசியச் சங்கத்தின் நெறியும் நடப்பதை வேண்டுமென்றே மாற்றவோ, அதில் தலையிடவோ கூடாது என்கிறது.

கை கட்டப்பட்டவருக்கு மிஞ்சும் ஒரே கருவி நேரம். 1948-இல் லைஃப் பத்திரிகைக்காக யூஜீன் ஸ்மித் கொலராடோவின் கிரெம்லிங் என்ற மலை ஊரில் எர்னஸ்ட் செரியானி என்ற மருத்துவரோடு இருபத்து மூன்று நாள் இருந்தார். ஆரம்பத்தில் கேமராவில் ஃபிலிம் இல்லாமலே சுட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். மருத்துவர் தன்னை மறக்க வேண்டும் என்பதற்காக. அந்தத் தொகுப்பின் கடைசிப் படத்தில் செரியானி நள்ளிரவு தாண்டிய நேரத்தில் ஒரு மேடைமேல் சாய்ந்து நிற்கிறார். அறுவைசிகிச்சை உடுப்பு இன்னும் உடம்பில். கையில் காபிக் கோப்பை, விரலிடுக்கில் சிகரெட். பிரசவத்தில் தாயையும் பிள்ளையையும் காப்பாற்ற முடியாமல் போன இரவு அது. "டாக்டர், கொஞ்சம் சோர்வாக நில்லுங்க" என்று சொல்லி அந்த முகத்தை வாங்க முடியாது. யாராவது வாங்கியிருந்தால் அது பாவம்.

நம் ஊர்க் கல்யாணத்தில் 'கேண்டிட்' என்று தனியாக ஒரு ஆளைப் போடுகிறோம். "கேமராவைப் பாக்காதீங்க, அவரப் பாத்துச் சிரிங்க" என்கிறார் அவர். மாப்பிள்ளையும் பெண்ணும் பார்க்காததுபோல் சிரிக்கிறார்கள். வீட்டார் எல்லோருக்கும் விஷயம் தெரியும், யாருக்கும் நஷ்டமில்லை, அந்தப் படங்கள் அழகாகவும் இருக்கின்றன. ஆனால் இயல்பாகத் தெரிவது என்பதே இன்று ஒரு ஸ்டைல் ஆகிவிட்டதை அது காட்டுகிறது. படத்தின் தோற்றத்தை வைத்து இது நடந்ததா, நடத்தியதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் எழுதியிருக்கும் இரண்டு வரியும், எழுதியவரின் நாணயமும்தான் சொல்ல வேண்டும்.

2015-இல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் நடந்தது இதுதான். இத்தாலியரான ஜொவான்னி ட்ரொய்லோ, பெல்ஜியத்தின் ஷார்லெருவா நகரைப் பற்றிய படத்தொகுப்புக்கு முதல் பரிசு வாங்கினார். இருண்டு, கனமாக, ஓவியம்போல இருந்த படங்கள். காருக்குள் ஒரு ஜோடி இருக்கும் படம் அதில் ஒன்று. காருக்குள் இருந்தவர் ட்ரொய்லோவின் உறவினர், உள்ளே ஃபிளாஷ் விளக்கு ஒன்றை முன்கூட்டியே வைத்திருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. நகர மேயர் தன் ஊரைத் திரித்துக் காட்டிவிட்டதாக எழுத்தில் புகார் கொடுத்தார். போட்டிக்காரர்கள் முதலில் பரிசை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் தொகுப்பில் ஒரு படம் ஷார்லெருவாவில் எடுத்ததே இல்லை, பிரஸ்ஸல்ஸின் மோலன்பேக் பகுதியில் எடுத்தது என்று தெரிந்தபோது பரிசைத் திரும்பப் பெற்றார்கள்.

அந்தப் படங்களை உருவப்படங்கள் என்று சொல்லி ஒரு கண்காட்சியில் மாட்டியிருந்தால் நான் போய் நின்று ரசித்திருப்பேன். ஒரு ஊர் இப்படித்தான் இருக்கிறது என்ற சாட்சியமாக அவற்றை வைத்ததுதான் தப்பு. பரிசு போனதற்குக் காரணமான பிழையும் படத்தில் இல்லை, படக்குறிப்பில் இருந்தது.

படக்குறிப்பு என்று வந்த பிறகு என் கதையையும் சொல்லாமல் நகர்வது நியாயமில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பத்திரிகைக்காக ஈரோட்டுப் பக்கம் ஒரு தறிக்காரரை எடுக்கப் போனேன். நூல் விலை ஏறி நெசவாளர்களுக்கு வேலை இல்லாமல் போனதைப் பற்றிய கட்டுரை. அவருடைய குழித்தறி ஒன்றரை மாதமாகச் சும்மா கிடந்தது. பழைய பாவின் மிச்சம் கொஞ்சம் தறியில் இருந்தது, அதன்மேல் தூசி. கூரையின் கண்ணாடி ஓட்டு வழியாக வெயில் தறிமேல் நேராக விழுந்தது. எனக்கு அந்த வெயில்தான் கண்ணில் பட்டது. "அண்ணா, தறியில உட்கார முடியுமா?" என்றேன். "நெய்யற மாதிரி உக்காந்தாப் போதுங்களா தம்பி?" என்றார். போதும் என்றேன். துண்டால் தூசியைத் தட்டிவிட்டுக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தார். நாடாவைக் கையில் எடுத்தவுடன் தோள் தானாக நிமிர்ந்தது. அருமையான படம்.

பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு வந்தது. கீழே, தறியில் மும்முரமாக நெய்துகொண்டிருக்கிறார் என்று குறிப்பு. நான் எழுதியதில்லை, ஆனால் வேறு மாதிரி எழுதச் சொல்லியும் அனுப்பவில்லை. பத்து நாள் கழித்து அவர் போன் செய்தார். திட்டவில்லை. "படம் நல்லா வந்துருக்குதுங்க தம்பி. ஆனா நம்ம மச்சான் பாத்துட்டு, வேலை வந்துருச்சாட்டங்குதேன்னு கேக்கறானுங்க. கடன் குடுத்தவங்களும் வந்துட்டாங்க." அதற்கு மேல் அவரும் பேசவில்லை, எனக்கும் பேச வரவில்லை.

அன்றைக்கு இரண்டு உண்மையான படங்கள் என் முன்னால் இருந்தன. சும்மா கிடந்த தறிக்குப் பக்கத்தில் அவரை நிற்கச் சொல்லி, என் லென்ஸை நேராகப் பார்க்கச் சொல்லி எடுத்திருக்கலாம். அல்லது கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, வேலையில்லாத ஒரு பகல் அந்த வீட்டில் எப்படிக் கழிகிறது என்று சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கலாம். நான் மூன்றாவதை எடுத்தேன்: நிற்கச் சொல்லி எடுத்துவிட்டு, நடந்ததுபோல் காட்டியது. அன்றிலிருந்து யாரை எடுக்கப் போனாலும், நான் சொல்லிச் செய்தது எது, அவர்களாகச் செய்தது எது என்று நோட்டில் குறித்துக்கொள்ளாமல் வருவதில்லை.

இந்தக் கோடு எல்லா இடத்திலும் இவ்வளவு நேராகப் போவதில்லை. 1936-இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் டோரத்தியா லாங் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தை எதில் சேர்ப்பது? அதுவும் ஸ்ட்ரைக்கரின் பிரிவுக்காக எடுத்ததுதான். கிழிந்த கூடாரத்தில் குழந்தைகளோடு இருந்த ஒரு பெண்ணைத் தூரத்திலிருந்து எடுக்க ஆரம்பித்து, படிப்படியாக நெருங்கிச் சில நிமிடங்களில் முடித்தார் லாங். கடைசிப் படத்தில் இரண்டு குழந்தைகள் முகத்தைத் திருப்பித் தாயின் தோளில் சாய்ந்திருக்கிறார்கள். தாய் கையைக் கன்னத்தில் வைத்து எங்கோ பார்க்கிறார். கூடாரத்துத் துணியைத் தவிரச் சூழல் என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. ஓரத்தில் தெரிந்த அந்தப் பெண்ணின் கட்டைவிரலைக்கூடப் பின்னாளில் நெகட்டிவில் அழித்தார்கள். உலகம் அதை ஆவணமாகத்தான் படித்தது. அந்த முகாமுக்கு உணவும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குள் அந்தக் குடும்பம் கிளம்பிப் போயிருந்தது.

பெயர் கேட்கவில்லை என்று லாங்கே பிற்பாடு எழுதினார். சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டதாக அந்தப் பெண் சொன்னார் என்றும் எழுதினார். அவர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது உலகத்துக்குத் தெரிந்தது 1978-இல், நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து. அவர் செரோக்கி பழங்குடிப் பெண். டயர் விற்ற கதையைக் குடும்பத்தார் மறுத்தார்கள். கார் பழுதாகிச் சரிசெய்யத்தான் அங்கே நின்றோம் என்றார்கள். அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று தாம்ப்சன் வருத்தப்பட்டார். படத்தால் நாட்டுக்கு நன்மை நடந்தது, மறுப்பதற்கில்லை. அவருக்குக் கிடைத்தது வறுமையின் முகம் என்ற பட்டம், அதுவும் கேட்காமல்.

மினமாட்டாவில் இன்னும் சிக்கல். ஜப்பானின் அந்தக் கடலோர ஊரில் சிஸ்ஸோ தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மனிதர்களுக்குள் போனது. யூஜீன் ஸ்மித்தும் மனைவி அய்லீனும் 1971-இல் அங்கேயே குடிபோய் மூன்று ஆண்டு தங்கினார்கள். அந்த டிசம்பரில், பாதரசத்தால் பிறவியிலேயே உடல் முடங்கிய டொமோகோ என்ற பெண்ணைத் தாய் தொட்டியில் ஏந்திக் குளிப்பாட்டும் படத்தை ஸ்மித் எடுத்தார். வீட்டாரிடம் கேட்டு, வெளிச்சம் கிடைக்கும் நேரமாக ஏற்பாடு செய்து எடுத்தது. விதிப் புத்தகத்தின்படி அது ஏற்பாடு செய்த படம். ஆனால் அந்தத் தாய் தன் மகளைப் பார்க்கும் பார்வையை யார் ஏற்பாடு செய்ய முடியும்? வயிற்றில் இருந்தபோது இந்தப் பிள்ளை விஷத்தையெல்லாம் தானே வாங்கிக்கொண்டதால்தான் மற்ற பிள்ளைகள் பிழைத்தன என்று சொல்லி, அவளை வீட்டின் புதையல் என்று அழைத்தவர் அவர்.

டொமோகோ 1977-இல் இறந்தார். படம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெற்றோர், எங்கள் மகள் இனிமேலாவது ஓய்வெடுக்கட்டும் என்றார்கள். 1998-இல் அய்லீன் அந்தப் படத்தைப் பற்றி முடிவு செய்யும் உரிமையைப் பெற்றோரிடமே கொடுத்தார். உலகப் புகழ்பெற்ற ஒரு படத்தைச் சட்டகத்துக்குள் இருந்தவர்களிடம் திருப்பிக் கொடுத்த அந்தச் செயலை, அந்தப் படத்துக்கு நிகராக நான் மதிக்கிறேன்.

எலா வாட்சனிடம் திரும்பி வருகிறேன். பார்க்ஸின் அந்தப் படங்கள் எல்லாம் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன, படக்குறிப்புகளோடு. கொடிக்கு முன்னால் நிற்கும் புகழ்பெற்ற படத்தின் குறிப்பு சின்னது: வாஷிங்டன், அரசுத் துப்புரவுப் பெண். பெயர் இல்லை. அந்தப் படத்துக்கு அவர் ஓர் அடையாளமாக நிற்க வேண்டியிருந்தது. அடையாளத்துக்குப் பெயர் தேவைப்படவில்லை. வாரக்கணக்கில் கூடவே போய் எடுத்த மற்ற படங்களைப் புரட்டினால் குறிப்பு மாறுகிறது. பேரப்பிள்ளைகளோடு இருக்கும் படத்திலும் வேலைக்குக் கிளம்பும் படத்திலும் அவர் பெயரோடு வருகிறார்: திருமதி எலா வாட்சன். அமெரிக்கத் தெற்கில் கறுப்பினப் பெண்களின் பெயருக்கு முன்னால் 'திருமதி' என்று போட வெள்ளையரின் செய்தித்தாள்கள் மறுத்துவந்த ஆண்டுகள் அவை.